இழப்பீட்டுத் தகராறும் சமரச மேசையும்

இழப்பீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை உரிமையைப் பற்றியவை அல்ல, தொகையைப் பற்றியவை. லாரி மோதி இறந்தவரின் மனைவிக்கு இழப்பீடு உண்டு என்பதைக் காப்பீட்டு நிறுவனம் அடியோடு மறுப்பது குறைவு. இறந்தவர் மாதம் என்ன சம்பாதித்தார், எத்தனை பேர் அவரை நம்பியிருந்தார்கள், விபத்தில் அவர் பக்கத்துத் தவறு எவ்வளவு என்பவற்றில்தான் இழுபறி நடக்கும். வழக்கு முற்றுவதற்கு முன்பே, இரு தரப்பையும் சாராத ஒருவரின் துணையோடு உட்கார்ந்து பேசி இந்த இழுபறியை முடித்துக்கொள்வதற்குப் பெயர் சமரசம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இத்தகைய தகராறுகளுக்குக் குறைவில்லை. திருச்சியிலிருந்து இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே ஓடுகிறது. தஞ்சாவூர்ச் சாலை கந்தர்வகோட்டை வழியாக வந்து நகரில் சேர்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பகுதிகளைத் தொட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. கல்குவாரிகளும், விராலிமலைப் பக்கத்துத் தொழிற்சாலைகளும், ஊர்தோறும் நடக்கும் கட்டிட வேலைகளும் இருக்கின்றன. விபத்தில் போகும் உயிர் பெரும்பாலும் வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆளின் உயிர். கேஸ் முடிய நான்கைந்து ஆண்டுகள் ஆகுமென்றால், அதற்குள் நகை அடகுக்குப் போகும், பிள்ளையின் படிப்பு நிற்கும், கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்பார். பத்து லட்சம் ஐந்தாவது ஆண்டில் கையில் வருவதும் முதல் ஆண்டிலேயே வருவதும் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றல்ல. பேசித் தீர்ப்பதன் வலு அங்கேதான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது, ஏனென்றால் அவசரத்தில் இருப்பவர் குறைந்த தொகைக்கும் தலையாட்டிவிடுவார்.

சமரசம் என்றதும் ஊர்ப் பஞ்சாயத்து நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டுக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பஞ்சாயத்தில் பெரியவர்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள், கேட்டவர் கட்டுப்பட வேண்டும். சமரச மையத்தில் உட்காரும் சமரசர் தீர்ப்பே சொல்வதில்லை. இரு தரப்பையும் சேர்த்தும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் சந்தித்து, எங்கே முட்டுகிறது என்று பார்த்து வழியைத் திறந்துவிடுவதோடு அவர் வேலை முடிகிறது. தொகையை ஏற்பதும் மறுப்பதும் சம்பந்தப்பட்டவரின் கையில் இருக்கிறது. அறைக்குள் பேசியது வெளியே போகாது. பேச்சு முறிந்தால் ‘சமரசம் ஏற்படவில்லை’ என்ற அளவில்தான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போகும், யார் எவ்வளவுக்கு இறங்கி வந்தார் என்பது போகாது. விபத்து நடந்த மறுநாளே மருத்துவமனை வாசலில் நின்று ஒரு தொகையைச் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகரின் செயலுக்கும் ‘சமரசம்’ என்றே பெயர் வைப்பதுண்டு. அது கட்டைப் பஞ்சாயத்து. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

சட்டம் ஏற்ற சமரசத்துக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பெரிய வாசல்கள் உள்ளன. ஒன்று மக்கள் நீதிமன்றம், பலர் லோக் அதாலத் என்றே சொல்வார்கள். 1982 மார்ச்சில் குஜராத்தின் ஜூனாகத் மாவட்டத்தில் நடத்திப் பார்க்கப்பட்ட இந்த முறை, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இடம்பிடித்தது. அந்தச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது வாசல் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தங்களில் சேர்ந்த 89ஆவது பிரிவு, நீதிமன்றத்துக்கு வந்த வழக்கையும் சமரசத்துக்கு அனுப்பலாம் என்று 2002 முதல் வழிவிட்டது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சமரசத்துக்கான மாதிரி விதிகள் உருவாகவும் அந்த வழக்கிலேயே வழி செய்தது. 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மற்றும் இணக்க மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே இது முன்னோடி. அதன் கிளைகள் பிறகு மாவட்டங்களுக்குப் பரவின.

புதுக்கோட்டையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட முதன்மை நீதிபதியின் தலைமையில் இயங்குகிறது. அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், கீரனூர் போன்ற நீதிமன்ற ஊர்களில் வட்ட அளவிலான குழுக்கள் இந்தப் பணியைச் செய்கின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பு பார்க்கப்படாமலே இலவச வக்கீல் கேட்கலாம். கணவரை இழந்த ஒரு பெண் வருமானச் சான்றுக்காக அலையத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

சாலை விபத்து இழப்பீட்டைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கப்படும் வழக்குகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், இழப்பீட்டைப் பொறுத்தவரை 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. இதன்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் அறிக்கையை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள் கெடு. காப்பீட்டு நிறுவனம் இதற்கென ஓர் அதிகாரியை நியமித்து, தகவல் வந்த 30 நாளுக்குள் ஒரு தொகையைத் தானே முன்வைக்க வேண்டும். குடும்பம் ஏற்றால், தீர்ப்பாயம் அதைச் சம்மதத் தீர்வாகப் பதிவு செய்யும், அடுத்த 30 நாளில் பணம் வர வேண்டும். ஏற்காவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். வழக்காடுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் இப்படிச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

அதே சட்டத்தில் ஒரு கண்ணியும் இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறலாம் என்கிறது 164ஆவது பிரிவு. விரைவாகக் கிடைக்கும் பணம்தான். ஆனால் அந்த வழியில் பணத்தை ஏற்றுக்கொண்டால், தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். எனவே முழு இழப்பீடு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் 5 லட்சத்துக்குக் கையெழுத்திடுவது பெரும் இழப்பில் முடியலாம்.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும் 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வாய்பாட்டைத் தெளிவாக்கிவிட்டது. எடுத்துக்காட்டாக 38 வயதுக் கொத்தனார் ஒருவர், மாத வருமானம் 15,000 ரூபாய், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 40க்குக் கீழே இருப்பதாலும் சொந்த உழைப்பில் வாழ்பவர் என்பதாலும் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000. நான்கு பேரைக் காப்பவர் தன் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார் என்பது வாய்பாட்டின் கணிப்பு. அதைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 36 முதல் 40 வரையான வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக 28,35,000 ரூபாய். இதன்மேல் ஈமச்செலவு, சொத்திழப்பு, துணையிழப்பு என்ற தலைப்புகளில் நிலையான தொகைகள் சேரும். மனுத் தேதியிலிருந்து வட்டியும் உண்டு. 5 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை அந்த வீட்டில் உள்ளவர்கள் பேச்சுவார்த்தைக்கு முன்பே தெரிந்துகொண்டாக வேண்டும்.

இந்தக் கணக்கில் இரு தரப்பும் மோதுவது முதல் எண்ணில்தான். கொத்தனாருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ‘15,000 என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று நிறுவனத்தின் வக்கீல் கேட்பார், 8,000 என்பார். ஆதாரம் இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. 2014இல் சையத் சாதிக் வழக்கில், காய்கறி விற்ற ஒருவருக்குக் காகித ஆதாரம் கேட்காமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அது 2008இல் நடந்த விபத்து. இன்றைய கூலிக்கு அந்த எண் எங்கே உயரும் என்பதைப் பேசும்போது சுட்டிக்காட்டலாம். கட்டிடத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் கூலிக் குறிப்பேடு, வங்கிக் கணக்கு, குழுக் கடன் கட்டிய ரசீது என ஏதாவது ஒன்று கையில் இருந்தால் சமரசர் முன் பேச்சு உடனே வலுப்படும். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வயதைக் காட்டும் பள்ளிச் சான்று, ஆதார் அட்டை ஆகியவையும் முதல் நாளே இருக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகத்தில் ஆகும் தாமதமே சில குடும்பங்களின் பேச்சுவார்த்தையை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறது.

எதற்காக நிறுவனம் பேச வருகிறது, எதற்காகக் குடும்பம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் தெரிய வேண்டும். வழக்கு நீண்டால் நிறுவனத்துக்கு வட்டி ஏறும், வக்கீல் செலவு கூடும். குடும்பத்துக்கு வேறு கவலை. தீர்ப்பாயத்தில் வென்றாலும் நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம், மதுரைக் கிளையில் இன்னும் சில ஆண்டுகள் ஓடலாம். மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. மோசடி போன்ற காரணங்களுக்காக உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்தை நாடுவது ஒன்றே வழி என்று 2008இல் ஜலூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த உறுதிக்காகக் கணக்கில் வரும் தொகையில் சிறு பகுதியை விடுவது நியாயம். பாதியை விடுவது நியாயமல்ல. இறுதியானது என்பதால்தான் கையெழுத்துக்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. பிறகு ‘தெரியாமல் போட்டுவிட்டோம்’ என்று சொன்னால் எடுபடாது.

தேசிய மக்கள் நீதிமன்றம் ஆண்டில் சில முறை சனிக்கிழமைகளில் நடக்கும். ஒரே நாளில் பல அமர்வுகள் ஏராளமான வழக்குகளை எடுப்பதால், ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களாகச் சுருங்குவதுண்டு. தொகையில் பெரிய இடைவெளி இல்லாத வழக்கு அங்கே முடிந்துவிடும். முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவரின் எதிர்கால மருத்துவச் செலவு போன்ற சிக்கலான வழக்குக்கு, பல அமர்வுகள் பொறுமையாக உட்கார இடமுள்ள சமரச மையமே ஏற்றது. எந்த வழக்கு எங்கே போக வேண்டும் என்று வக்கீலிடம் கேட்க மனுதாரருக்கு உரிமை உண்டு.

அரசுப் பேருந்து மோதிய வழக்கு தனி வகை. புதுக்கோட்டை மண்டலப் பேருந்துகள் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தவை. அரசுக் கழகங்கள் காப்பீடு எடுப்பதற்குப் பதிலாகத் தனி நிதி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே பணம் தர வேண்டியது கழகமே. தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனுப் போட்டு நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்திலேயே பேருந்தை ஜப்தி செய்த செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் பல முறை வந்திருக்கிறது. இத்தகைய வழக்கில் தொகையோடு, எந்தத் தேதிக்குள் செலுத்த வேண்டும், தவறினால் என்ன வட்டி என்பதையும் சமரச ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது முக்கியம்.

காலக்கெடுவும் கவனத்துக்குரியது. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது 2019 திருத்தம். அந்தக் கெடுவின் நியாயம் பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. ‘பேசிக்கொண்டிருக்கிறோம், வழக்கு வேண்டாம்’ என்று சொல்லிக் கெடுவைத் தாண்டவைக்கும் பேச்சு ஆபத்தானது. முதலில் மனு, பிறகு சமரசம் என்பதே பாதுகாப்பான வரிசை.

வேலைத்தள விபத்தில் நிலைமை வேறு. சாரத்திலிருந்து விழுந்து இறந்த தொழிலாளியின் வீட்டுக்கு முதலாளி தரப்பினர் ஒரு தொகையோடு வந்து, ‘இதோடு முடித்துக்கொள்வோம்’ என்று சொல்வது நடக்கிற காரியம். இப்படிப்பட்ட தனியார் ஒப்பந்தத்தின் மீது சட்டத்துக்கு எப்போதுமே ஐயம் உண்டு. 1923ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே அந்த ஐயத்தை விதியாக எழுதிவைத்தது. மரண இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம், முன்பணமாக அனுமதிக்கப்பட்ட சிறு தொகை தவிர, இழப்பீடாகக் கருதப்படாது. காயமடைந்தவரோடு செய்யும் ஒப்பந்தத்தையும் ஆணையரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்றோ, மிரட்டியோ ஏமாற்றியோ கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றோ தெரிந்தால் அவர் பதிய மறுக்கலாம். பதியாத ஒப்பந்தம் முதலாளியை முழுத் தொகையின் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. இந்த இழப்பீட்டு ஏற்பாட்டை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் எடுத்துக்கொண்டது. நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட இந்தக் காவல், சமரசம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றும் நல்ல இலக்கணம்: இரு தரப்பும் ஒத்துக்கொண்டது மட்டும் போதாது, ஒத்துக்கொண்ட தொகை போதுமானதா என்று மூன்றாம் கண் ஒன்று பார்க்க வேண்டும். ‘எங்களுக்குத் தெரியாது, மேஸ்திரியைக் கேளுங்கள்’ என்ற பதிலும் எப்போதும் செல்லாது. கட்டிடம் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்திருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அதற்கு உண்டு.

ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு போன்றவற்றில் க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ‘நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார்’ என்பது மறுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும் வரி. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி தரவில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். இரு தரப்பும் சம்மதித்தால் அவரே சமரசராக இருந்து ஒரு தீர்வைப் பரிந்துரைப்பார். அது கூடாவிட்டால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்வார், அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இதற்கு இணையான இன்னொரு வழி நிரந்தர மக்கள் நீதிமன்றம். 2002 திருத்தத்தில் உருவான இது, காப்பீடு, மருத்துவமனை, மின்சாரம், அஞ்சல், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் குறித்த தகராறுகளை, அவை வழக்காக மாறுமுன் எடுத்துக்கொள்கிறது. முதலில் இணக்கம் பேசும், இணங்காவிட்டால் தானே முடிவும் சொல்லும். சாதாரண மக்கள் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் மத்திய அரசுத் திட்டத்தில் இறந்தவர் சேர்ந்திருந்தார் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. துக்கம் முடிந்ததும் அவருடைய வங்கிப் புத்தகத்தைப் பதிவிட்டுப் பார்ப்பது நல்லது.

எல்லா உதவித்தொகைத் தகராறும் சமரசத்துக்கு ஏற்றதல்ல. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, நூறு நாள் வேலையின் நிலுவைக் கூலி போன்றவை அரசாணையோ சட்டமோ வரையறுத்த தொகைகள். தகுதி உண்டென்றால் முழுவதும் தர வேண்டும். அங்கே ‘பாதிக்கு ஒத்துக்கொள்ளுங்கள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்தபோது கிடைத்த நிவாரணமும் இந்த வகைதான். மரக் கணக்கு விடுபட்டிருந்தால் மனுக்கொடுக்க வேண்டிய இடம் வருவாய்த் துறையும், திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும். அங்கும் தீராவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மனு எழுதித் தரும், துறையோடு பேசும். அது தகுதியை நிலைநாட்டுகிற பேச்சு, தொகையைக் குறைக்கிற பேச்சல்ல.

மாவட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் வேறொரு ஏற்பாட்டைப் பார்த்திருப்பார்கள். அங்கே சம்பளப் பாக்கித் தகராறு என்றால் 2017 முதல் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி என்ற அமைப்பின் சமரசத்தைக் கடந்துதான் வேலை தொடர்பான கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். வேலையில் இருப்பவர் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் 6 மாதத்துக்குள்ளும் பதிய வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறியவர்களுக்கு அந்தக் கெடு தெரிவதற்குள் கடந்துவிடுகிறது.

சமரசம் பதிவானதோடு வேலை முடிவதில்லை. ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வாரிசின் பங்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். மனைவிக்கும் மாமியாருக்கும் இடையே புதிய தகராறு முளைப்பது பெரும்பாலும் இந்த வரி தெளிவாக இல்லாதபோதுதான். நிறுவனம் தொகையைச் செலுத்தாவிட்டால் மீண்டும் வழக்குப் போடத் தேவையில்லை, பதிவான தீர்வைக் காட்டி நிறைவேற்று மனுப் போட்டால் போதும். பிள்ளைகளின் பங்கு தாயின் கையில் தரப்படாது. நீதிமன்ற உத்தரவின்படி தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்படும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ இடையில் தேவைப்பட்டால் தாய் மனுப் போட்டு அதன் வட்டியைப் பெறலாம். அசல் அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை வங்கியிலேயே இருக்கும்.